ஒரு மில்லிமீட்டரில் ஒரு நிலா

மழைக்காலத்தில் அந்த வீட்டில் ஈர சாக்ஸ் காய்கிற ஒரே இடம் கம்ப்யூட்டரின் பின்பக்கம்தான். ஓட்டல் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளை உலர்த்தி, மடித்து, அடுக்கிவிட்டு வருகிற அம்மாவுக்குத் தன் ஒரு ஜோடி சாக்ஸைக் காயப்போட வேறு போக்கிடம் கிடையாது. மேசைக்குப் பின்னால் ஒரு கம்பியைக் கட்டி, பெட்டியின் சூடான காற்று வந்து மோதுகிற இடமாகப் பார்த்து மாட்டிவிடுவாள். “உன் உலகம் எரியுது, என் சாக்ஸ் காயுது. நல்லா எரியட்டும்” என்பாள் மகளிடம்.

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஓர் உலகம் எரிந்துகொண்டுதான் இருந்தது. சரியாகச் சொன்னால் இரண்டு. இன்னும் நிலா வாய்க்காத ஓர் இளம் கோள். அதன் விலாவில் சாய்வாக வந்து இடிக்கும் இன்னொரு கோள். இடித்த வேகத்தில் பாறை உருகி, ஆவியாகி, வளையமாகச் சுற்றும். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் மகளின் கேள்வி. சிதறியதெல்லாம் கூடி ஒரு நிலாவாகுமா, இல்லை புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி விழுந்துவிடுமா? கோடிக்கணக்கான துகள்கள். ஒவ்வொரு துகளும் மற்ற எல்லாத் துகள்களையும் இழுக்கும். அந்த இழுபறி முழுவதையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அண்ணனுடைய கிராபிக்ஸ் கார்டு.

மகளுக்கு வீட்டில் மிளகா என்று பெயர். வைத்தவன் அண்ணன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் அவள். தாண்டிய நாளிலிருந்து கோபமும் கூடவே தாண்டி வந்தது. கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு வரிசையும் இருந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம், வரிசை எப்படி நகரும், யாரிடம் சிரித்தால் நகரும் என்பதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்கள். இவளுக்கு நிற்க மட்டும்தான் தெரியும். நின்று நின்று பார்த்துவிட்டு, வீட்டிலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டாள்.

வழிகாட்டியான பேராசிரியை கெட்டவரும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் வசதியாகத் திட்டலாம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நோயாளியிடம் பேசுவது போலப் பொறுமையாகச் சொன்னார்: “இந்தச் சாய்வுல மோதினா நிலா வராதும்மா. எல்லாம் திரும்ப விழுந்துடும். திங்கக்கிழமை கூட்டத்துக்குள்ள ஏதாவது காட்டினா பாக்கலாம். இல்லைன்னா வேற தலைப்பு எடுத்துக்கோ.”

வேறு தலைப்பு என்றால் இரண்டு வருஷ வேலை குப்பைக்கு. அவள் கதவைச் சற்றுச் சத்தமாகச் சாத்திவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால், திங்கள் விடியலில் முடிய வேண்டிய கணக்கு வியாழன்வரை இழுக்கும் என்று திரை காட்டியது. சிறிது நேரம் கழித்து வெள்ளி என்றது. போகிற போக்கைப் பார்த்தால் அடுத்த மழைக்காலம் என்று சொல்லிவிடும் போலிருந்தது. காரணம் தேட வெகுநேரம் ஆகவில்லை. கார்டின் நினைவகச் சில்லுகள் நூற்றுப் பத்து டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கும் மேலே. அந்தச் சூட்டில் செத்துப்போகாமல் இருப்பதற்காகக் கார்டு தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நடந்தது.

அந்தக் கார்டு அண்ணனுக்கு இரண்டாம் கையாக வந்தது. அதற்கு முன்னால் யாரோ டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறவர்களிடம் வருஷக்கணக்கில் ராப்பகல் பாராமல் மாடாய் உழைத்திருந்தது. அண்ணன் பார்சல் வேன் ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள், அந்த ஒரு நாள் கேம், அந்தக் கேமுக்கு இந்தக் கார்டு. அந்த ஒன்றையும் மூன்று வாரமாகத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்தவர்கள் விளையாடுவதைப் போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விருந்து நடக்கும் வீட்டின் ஜன்னலை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவனின் முகம் அவனுக்கு அப்போது இருக்கும்.

கார்டைத் திறந்து, சூடு கடத்துகிற பூச்சையும் பட்டைகளையும் மாற்ற வேண்டும் என்று மிளகா சொன்னபோது அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

“உடைஞ்சா?”

“உடையாது.”

“உடைஞ்சா?”

“உடையாதுன்னு சொன்னேன்ல.”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். “அப்போ நான் வண்டியில இருக்கிறப்பத் திற. நேர்ல பாக்க என்னால முடியாது.”

குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் அண்ணி, “எனக்குப் பிரசவம் ஆகும்போதுகூட இப்படித்தான் சொல்லப்போறாரு, இப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்” என்றாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசை சிகிச்சை மேசை ஆனது. அம்மா ஓட்டலில் கழித்துப் போட்ட ஒரு விரிப்பைப் போட்டுக் கொடுத்தாள். துடைப்பதற்கான ஸ்பிரிட் அண்ணியின் முதலுதவிப் பெட்டியிலிருந்து வந்தது. ஸ்க்ரூக்கள் கழன்ற வரிசையிலேயே தேநீர்த் தட்டில் போய் உட்கார்ந்தன. கடைசி ஸ்க்ரூவுக்குப் பிறகும் மேல்பாகம் வரவில்லை. காய்ந்த பூச்சு பிடித்துக்கொண்டிருந்தது. மிளகா மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் மூடியைத் திருகுவது போல மெல்ல இந்தப் பக்கம், மெல்ல அந்தப் பக்கம் அசைத்தாள். ‘ச்சப்’ என்று ஒரு முத்தச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

உள்ளே எல்லாம் பாழ். நினைவகச் சில்லுகளின் மேல் ஒட்டியிருந்த மென்பட்டைகள், அதாவது பேட்கள், தொட்டதும் பழைய ரொட்டியாக உதிர்ந்தன. அவற்றிலிருந்து கசிந்த எண்ணெய் எங்கும் பிசுக்காகப் படர்ந்திருந்தது. நடுவில், தலைமைச் சில்லின் மேல் பூச்சு, அதாவது பேஸ்ட், காய்ந்து வெடித்துக் கரிந்திருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள். ஒரு பஞ்சு கறுத்தது. இன்னொன்று கறுத்தது. அடுத்ததில் கறுப்பு விலகி, அடியிலிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். அவளுடைய கண்தான். தபால்தலை அளவு இருந்த அந்தச் சில்லு முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்னியது. இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

புத்தகத்தில் படித்திருக்கிறாள், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் எழுதியது வேறு, கண்ணெதிரே ஸ்பிரிட் வாசத்தோடு கிடப்பது வேறு. இந்தக் கண்ணாடித் துண்டுக்குள், உலகத்தில் உயிரோடிருக்கும் மனிதர் அத்தனை பேரையும் எண்ணினாலும் தோற்றுப்போகும் அளவுக்கு சுவிட்சுகள். யாரோ செய்திருக்கிறார்கள். மணலிலிருந்து செய்திருக்கிறார்கள். இவள் அதை வைத்துக் கோள்களை மோதவிட்டுக்கொண்டு, இதுவரை அதன் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“அம்மா, இங்க வா.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். சூடான இரும்பு உருளைகளோடு காலம் தள்ளுகிறவள், எதையும் பயப்படாமல் தொடுகிறவள், அன்றைக்குக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இத்தனூண்டா?”

“இத்தனூண்டுதான்.”

“அந்த ரெண்டு உலகமும் இதுக்குள்ளயா இடிச்சுக்குது?” அம்மா இன்னும் குனிந்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். சில்லில் தெரிந்த தன் முகத்துக்காக.

கணினி உதிரிகள் விற்கும் சந்தில் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரன் அவள் வயதுக்காரன்தான். ஒரு காதில் மட்டும் பாட்டு. கிராபிக்ஸ் கார்டுக்குப் பேஸ்ட்டும் பேடும் வேண்டும் என்றதும், “தம்பிக்கா சிஸ்டர்?” என்றான்.

“எனக்கு.”

“கேமா?”

“நிலா.”

அவன் காதிலிருந்து பாட்டைக் கழற்றினான்.

எதற்கு இரண்டும், பேஸ்ட்டையே எல்லாச் சில்லுக்கும் தாராளமாகத் தடவிவிடுங்கள், அதுதான் குளுமை என்பது அவன் கட்சி. பக்கத்தில் ஹெல்மெட்டோடு நின்ற ஒரு வாடிக்கையாளர் எதிர்க்கட்சி: பேஸ்ட் கையெல்லாம் அப்பும் அழுக்கு வேலை, பேடை வெட்டி நடுச்சில்லுக்கும் சேர்த்து ஒட்டினால் தீர்ந்தது. இருவரும் அவளுக்காகத்தான் வாதாடினார்கள். அவள் இருப்பதை மறந்துவிட்டு வாதாடினார்கள். மிளகாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

இருவரையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பரப்புகள் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் கிட்டத்தில் பார்த்தால் மலையும் பள்ளமும்தான். மலையும் மலையும் முட்டிக்கொள்ளும், பள்ளத்தில் காற்று தங்கிவிடும், காற்று சூட்டைக் கடத்தாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பேஸ்ட். தலைமைச் சில்லும் மேல்பாகத்தின் அடியிலுள்ள செப்புத் தகடும் ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும் இடத்தில், முடியிழையைவிட மெலிதாக. நினைவகச் சில்லுகள் குட்டையானவை, தகடு அவற்றைத் தொடாது, நடுவில் இடைவெளி இருக்கும். அங்கே பேஸ்ட்டைத் தடவினால் தொங்குமே தவிர நிற்காது. அங்கே இடைவெளியை அடைத்துக்கொண்டு நிற்கப் பேட் வேண்டும். அதே பேடை நடுவில் வைத்தால் தேவையில்லாத மெத்தை. ஆளுக்கு ஒரு இடம். இதில் கட்சி என்ன வேண்டிக்கிடக்கிறது?

ஹெல்மெட்காரர் தலையாட்டினார். கடைக்காரன் மரியாதையாக அலமாரியைத் திறந்தான்.

“சரி சிஸ்டர். பேட் எத்தனை மில்லி கனம்?”

பழைய பேட்கள் பொடியாகி விரிப்பில் கிடந்தன. அளக்க ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரியாது.

‘தெரியாது’ என்று சொல்லலாம். அப்பா, தாத்தா எல்லாம் படித்தவர்களாக இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் அதை எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்க்கிறாள். தோளைக் குலுக்கி, சிரித்து, ஏதோ புதுச் சட்டை போட்டுக் காட்டுவது போல. அதையே இவள் சொன்னால், ‘அதானே’ என்கிற பார்வை வரும். அந்தப் பார்வையை வாங்காமலிருக்கப் பள்ளிக்கூடத்திலிருந்தே எதற்கும் பதில் வைத்திருந்து பழகியவள். கனமாக இருந்தால் கட்டாயம் தொடும், தொட்டால் போதும் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது.

“ரெண்டு” என்றாள், உறுதியான குரலில்.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். புதுப் பேட்கள் மெத்துமெத்தென்று உட்கார்ந்தன. தலைமைச் சில்லின் நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட். தேநீர்த் தட்டில் ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை. கணக்கு அவ்வப்போது தன்னைச் சேமித்துக்கொள்ளும், அதனால் நின்ற இடத்திலிருந்தே தொடரலாம். தொடங்கினாள்.

நினைவகம் அறுபதில் நின்றது. நூற்றுப் பத்திலிருந்து அறுபது. அவள் மேசையைத் தட்டினாள். தட்டின கை கீழே இறங்குவதற்குள் தலைமைச் சில்லின் எண் எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றெட்டு என்று ஏறியது. விசிறிகள் வீறிட்டன. அடுத்த நொடி திரை கறுத்து, பெட்டி அணைந்து, வீடே காது அடைத்த மாதிரி ஆனது.

அண்ணன் வந்தபோது அவள் மேசை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அதற்கு வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. அவன் திட்டவில்லை. இருட்டுத் திரையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், வேனில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மறந்ததை எடுக்கவில்லை. நிறுத்தின வேனுக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

அண்ணி சொன்னாள்: “உன் மேல கோபமில்லை. உன் நிலாவும் போயிடுச்சேன்னு உக்காந்திருக்காரு. முகத்துல காட்டத் தெரியாது அந்த மனுஷனுக்கு.”

மிளகா மறுபடியும் ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். செத்துப்போயிருந்தால் எப்படிச் செத்தது என்றாவது தெரியட்டும் என்ற வீம்பு. இந்த முறை மேல்பாகம் எதிர்ப்பே காட்டாமல், தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதுவே சந்தேகமாக இருந்தது. விளக்கை இழுத்துக் கிட்டத்தில் பார்த்தாள்.

பட்டாணி அளவு பேஸ்ட் ஏறக்குறைய அப்படியே இருந்தது. உச்சி மட்டும் லேசாக நசுங்கி, பரவாமல், அழுத்துவார் இல்லாமல். செப்புத் தகட்டின் நடுவில் அதன் அடையாளமாக ஒரு சின்னப் பொட்டு. அவ்வளவுதான் தொட்டிருக்கிறது. சுற்றிலும் கனத்த பேட்கள் தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. நடுவிலிருப்பது காற்றில் வெந்திருக்கிறது.

அவளுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது. தேர்வு எழுதி எழுதி வந்த புத்தி. நினைவகம் ஒரு கேள்வி, தலைமைச் சில்லு ஒரு கேள்வி, தனித்தனியாக விடை எழுதித் தனித்தனியாக மதிப்பெண் வாங்கிப் பழக்கம். தகடு ஒன்றுதான் என்பதை மறந்துபோனாள். எல்லார் தலையிலும் ஒரே தகடு. ஓரத்தில் நிற்பவன் ஒருவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினால் நடுவிலிருப்பவனுக்கு இடைவெளி விழுகிறது. கோடித் துகளும் கோடித் துகளை இழுக்கும் என்று இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவள், நாலு ஸ்க்ரூவுக்குள் அதைப் பார்க்கவில்லை.

சரி, அப்படியானால் உண்மையான இடைவெளி எவ்வளவு? மில்லிமீட்டரில் ஒரு பங்கு தவறினாலும் மறுபடி இதே கதை. யோசித்தபடியே தூங்கிப்போனாள். ஞாயிறு காலை அண்ணி காப்பகத்துப் பையை மேசையில் கவிழ்த்து, குழந்தைகள் உருட்டி விளையாடும் வண்ணக் களிமண்ணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது மிளகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, இதுல கொஞ்சம் குடுங்க.”

“இந்த வயசுலயா?”

ரொட்டி சுற்றி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளில் களிமண்ணைப் பயறு அளவுக்கு உருட்டிச் சுற்றி, ஒவ்வொரு நினைவகச் சில்லின் மேலும் ஒன்றாக வைத்தாள். பேடும் இல்லை, பேஸ்ட்டும் இல்லை. வெறும் தகடும் வெறும் சில்லும். மேல்பாகத்தை வைத்து மெதுவாக முடுக்கி, மறுபடி கழற்றினாள். உருண்டைகள் எல்லாம் தட்டையாகியிருந்தன. ஒன்றைப் பிளேடால் நடுவில் வெட்டி, வெட்டு முகத்தை ஸ்கேலின் மேல் சாய்த்து வைத்து, போன் கேமராவைப் பெரிதாக்கினாள். ஒரு கோடு, அதாவது ஒரு மில்லி. அடுத்ததையும் வெட்டினாள். ஒரே கோடு. எல்லாவற்றிலும் ஒரே ஒரு கோடு.

இடைவெளிக்கு ஓர் உருவம் கிடைத்திருந்தது, அதுவும் ரோஸ் நிறத்தில். இருட்டுக்குள் யாரும் பார்க்க முடியாமல் கிடந்த வெறும் காற்று அச்சு வார்த்து உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவும் அண்ணியும் ஆளுக்கொன்றை வாங்கிப் பார்த்தார்கள். எதற்கென்று தெரியாமலே மூன்று பேரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

கடை ஞாயிற்றுக்கிழமை அரை ஷட்டர்தான். குனிந்து உள்ளே போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த காரணங்கள் நாலைந்து இருந்தன. பெட்டியில் தப்பாக அச்சடித்திருந்தது என்று ஒன்று, தம்பி தப்பாகச் சொன்னான் என்று ஒன்று. இல்லாத தம்பி. கடைக்காரனைப் பார்த்ததும் அவை எல்லாம் கூச்சப்பட்டுக் கலைந்துபோயின.

“நேத்து ரெண்டுன்னு கேட்டேன்ல. தெரியாமச் சொன்னேன். அளந்து பாத்தேன், ஒண்ணு.”

‘அதானே’ வரப்போகிறது என்று காத்திருந்தாள். அவன் அலமாரிக்குள் கையை விட்டபடியே சொன்னான்: “நானும் தெரியாமத்தான் கேட்டேன் சிஸ்டர். எல்லாரும் ஏதாவது ஒரு நம்பர் சொல்லுவாங்க, எடுத்துக் குடுப்பேன். அளந்துட்டு வந்த முத ஆளு நீங்கதான்.” பேடைக் கொடுத்துவிட்டு, “நிலா என்ன ஆச்சு?” என்றான்.

“இன்னும் வரலை.”

“வந்தா சொல்லுங்க.”

அன்றைக்கு அண்ணனுக்கு விடுமுறை. ஓட இடமில்லை. டார்ச்சை அவன் கையில் திணித்தாள். வெளிச்சம் ஆடியது, “கை நடுங்குது, பிரசவத்துக்கு ஒத்திகையா இது” என்றாள் அண்ணி. புதுப் பேட்களை வெட்டி வைத்தாள் மிளகா. நடுவில் பேஸ்ட். மேல்பாகத்தை வைத்து முடுக்கினாள். உடனே கரண்டைக் கொடுக்கவில்லை. மறுபடி கழற்றி, மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

பேஸ்ட் பரவியிருந்தது. விளிம்புவரை, நாலு மூலைவரை, அடியிலிருக்கும் கண்ணாடி நிழலாகத் தெரிகிற மெலிவில். யாரும் தடவவில்லை, தேய்க்கவில்லை. தகடு சரியான உயரத்துக்கு இறங்கினதும் அதுவே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. டார்ச் வெளிச்சம் ஆடுவதை நிறுத்தியது. அண்ணன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான்.

“இதைத்தானா நான் இத்தனை நாள் தூசி தட்டி வெச்சிருந்தேன்?” என்றான்.

துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, கடைசியாக மூடினாள். உயிர் இருக்கிறதா என்பது இனிமேல்தான் தெரியும். பொத்தானை அவள் அழுத்தவில்லை, “உன் கார்டு” என்று அண்ணனை அழுத்தச் சொன்னாள். அவன் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினான்.

திரை விழித்தது. எண்கள் ஏறின, அறுபதைத் தாண்டின, எழுபதைத் தொட்டன. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்தன. நினைவகம் அதற்குச் சற்று மேலே, அதுவும் அசையாமல். கார்டு, வீட்டுக்கு வந்த நாள்முதல் யாரும் பார்த்திராத தன் முழு வேகத்தில் ஓடியது. முடியும் நேரம் வெள்ளியிலிருந்து வியாழனுக்கு இறங்கி, கண்முன்னால் சரிந்து சரிந்து, திங்கள் காலையில் வந்து நின்றது.

அம்மா பின்பக்கம் போய்ச் சாக்ஸைத் தொட்டாள். “அடியே, முன்னைக்கு இப்ப சூடு ஜாஸ்தியா வருதே. பழுதா?”

“இல்லம்மா. இத்தனை நாள் உள்ளயே அடைஞ்சு கிடந்த சூடு. இப்பதான் வெளிய வருது.”

“இப்பதான் நல்லா எரியுது” என்று சொல்லி அம்மா இன்னொரு ஜோடியையும் மாட்டினாள்.

திங்கள் காலை வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் ஓடுகிற நேரம். கணக்கு முடிந்தது என்று திரையில் ஒரு வரி வந்தது. மிளகா யாரையும் கூப்பிடவில்லை. நிலா வராவிட்டால் அந்த முகத்தோடு தனியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். படங்களை வரிசையாக ஓடவிட்டாள்.

கோள் இடித்தது. சத்தமில்லாமல், சாவகாசமாக, ஒரு பழம் பிளப்பது போல. உருகின பாறை நீண்ட நாக்காக வெளியே பீறிட்டு, வளைந்து, கோளைச் சுற்றித் தகதகக்கும் வளையமாயிற்று. பிறகு விழத் தொடங்கியது. பேராசிரியை சொன்னபடியே. உள்வளையம் முழுவதும் மழையாகத் திரும்பிப் பொழிந்தது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விழுந்தது, இன்னும் விழுந்தது, வளையம் நூலாக இளைத்தது.

அந்த நூலின் வெளி ஓரத்தில் ஒரு முடிச்சு.

முதலில் தூசி என்று நினைத்தாள். அது ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது கொஞ்சம் பெருத்திருந்தது. போகிற வழியில் கிடந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டது. எதிரே இன்னொரு முடிச்சு முளைத்து, நெருங்கி, நழுவி, மறுபடி நெருங்கி, இதனோடு கலந்து கரைந்தது. விளிம்பெல்லாம் கோணலாக இருந்த கட்டி சுற்றச் சுற்ற உருண்டது. செக்கச்செவேல் என்று இருந்தது மங்கி, கருத்து, ஆறி, கடைசிப் படத்தில் கோளைவிட்டுத் தள்ளி, தன் பாட்டுக்குத் தனியாக மிதந்தது.

நிலா.

அவள் திரும்பிப் பார்த்தபோது மூன்று பேரும் பின்னால் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. அண்ணி பாதி சீவின தலையோடு, சீப்பு முடியிலேயே தொங்க நின்றாள். ஒரு கை வயிற்றின் மேல். அண்ணனின் போன் டிப்போவிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது, அவன் அதைப் பார்க்காமலே அணைத்தான். அம்மா ஒரு காலில் ஷூ, ஒரு காலில் ஒன்றுமில்லை.

“இன்னொரு தடவை காட்டு” என்றான் அண்ணன்.

இன்னொரு தடவை காட்டினாள். இந்த முறை முடிச்சு எங்கே வரும் என்று தெரிந்திருந்தும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசிப் படத்தைப் பேராசிரியைக்கு அனுப்பினாள், ஒரு வார்த்தையும் சேர்க்காமல். பதில் வர நேரமாயிற்று. வந்தது: ‘மூன்று முறை பார்த்தேன். எந்தச் சாய்வில் உருவானது என்று மறுபடியும் சரிபார்த்துக்கொள். கூட்டத்தில் முதலில் நீ பேசு. தலைப்பை மாற்ற வேண்டாம்.’ மிளகா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கோபப்பட ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை.

அம்மா இன்னும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இது நிஜமா நடந்ததா?”

“எங்கயோ, எப்பவோ நடந்திருக்கலாம்.”

“இனிமே கீழ விழுந்துடாதே?”

“தெரியலம்மா” என்றாள் மிளகா. “இன்னும் ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்போ ஓட்டு” என்றாள் அம்மா. பின்பக்கம் போய்க் கம்பியிலிருந்து இன்னொரு காலுக்கான சாக்ஸை உருவினாள். வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. இருந்தும் உடனே மாட்டிக்கொள்ளாமல், அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, நிலா பிறந்த சூடு கைக்கு ஏறும்வரை அங்கேயே நின்றாள்.